சுண்ணாம்பு சுட்டவர் பெயர் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அம்மையார், நம் சிங்கப்பூர்த் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கடைவீட்டுச் சுவர்களுக்கு மஞ்சளும் பச்சையும் அடித்துவிட்டால் மரபைக் காப்பாற்றியதாகிவிடுமா என்று கேட்டிருந்தார். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். முதுகுவலி விடவில்லை. அந்த முதுகுவலிக்கும் அவர் கேட்ட கேள்விக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்த வலி வந்ததும் அதே கேள்வி எனக்குள் எழுந்ததும் என் சம்பந்தியோடு போன ஒரே பயணத்தில்தான்.

எனக்கு 64 வயது. செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை, முப்பது வருடத்துக்கு மேல். வேலைக்குப் போனதும் வந்ததும் மோட்டார் சைக்கிளில்தான், மழையானாலும் புகைமூட்டமானாலும். சம்பந்தி மலேசியாவில் ஈப்போக்காரர். லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்தவர். அவருடைய இளைய மகன்தான் என் மாப்பிள்ளை. மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறார்கள். சென்ற ஆகஸ்டில் பேரனைப் பார்க்க இரு குடும்பமும் ஒரே நேரத்தில் போயிருந்தோம். "ரெண்டு அப்பாவும் வண்டிப் பைத்தியம். ஸ்டர்ஜிஸ் பாக்காம ஊருக்குப் போகக்கூடாது" என்றார் மாப்பிள்ளை. ஓராண்டுக்கு முன்பே விடுதிக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தார். அங்கே ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் அந்தப் பத்து நாளில் விடுதி வாடகை நம் சீனப் பெருநாள் நேரத்து ஜோகூர் வாடகை போல இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது.

ஸ்டர்ஜிஸ், தெற்கு டகோட்டா மாநிலத்தில் கருங்குன்றுகள் என்று சொல்லத்தக்க பிளாக் ஹில்ஸ் மலைகளின் ஓரத்தில் உள்ள சிற்றூர். ஏறக்குறைய 7,000 பேர் வாழ்கிறார்கள். நான் இருக்கும் ஈசூனில் பதினைந்து இருபது அடுக்குமாடி புளோக்கைச் சேர்த்தால் அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். 1938 ஆகஸ்ட் 14ஆம் தேதி, அங்கே இந்தியன் மோட்டார் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்த கிளாரன்ஸ் ஹோயலும் அவருடைய ஜாக்பைன் ஜிப்சீஸ் சங்கத்தாரும் ஒரு பந்தயம் நடத்தினார்கள். (இந்தியன் என்பது வண்டியின் பெயர். நம் ஆள் யாரோ கடை வைத்திருந்தார் என்று சம்பந்தி அரை மணி நேரம் பெருமைப்பட்டுவிட்டார்.) அன்று பந்தயத்தில் ஓடியவர்கள் ஒன்பது பேர். 75ஆம் ஆண்டுக் கூட்டம் 2015ல் நடந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்ததாக மாநிலக் கணக்கு சொல்கிறது. நாங்கள் போனபோது எத்தனை பேர் என்று எண்ணவில்லை. தெருவின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் வண்டி, வண்டி, வண்டி. இரும்புக் கடல்.

ரேப்பிட் சிட்டியில் ஒரு கடையில் வண்டி வாடகைக்கு எடுத்தோம். பெரிய ஹார்லி. நான் ஓட்ட, சம்பந்தி பின்னால். பேரனோடு மற்றவர்கள் காரில். சம்பந்தியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். நண்பனாக இருந்தால் "டேய், ஆடாம உக்காரு" என்று சொல்லிவிடலாம். சம்பந்தியிடம் "கொஞ்சம் சௌகரியமா உக்காந்துக்குங்க" என்றுதான் சொல்ல முடியும். அவரும் பதிலுக்கு, நான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சாயும்போதெல்லாம், "சம்பந்தி, இங்க வலது பக்கம்னு நெனைக்கிறேன்" என்பார். நினைக்கிறாராம்! எதிரே லாரி வருகிறது.

அந்த மாநிலத்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஹெல்மெட் போட வேண்டிய கட்டாயமில்லை, கண்ணுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டும். வெள்ளைத் தாடி காற்றில் பறக்க வெறுந்தலையோடு போகிறார்கள். நாங்கள் இருவரும் போட்டுக்கொண்டோம். அது ஒன்றும் தியாகமில்லை. ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் உட்கார்ந்தால் வேட்டி இல்லாமல் கோவிலுக்குப் போனது போல இருக்கிறது எனக்கு.

முதல் நாளே ஒரு கூத்து. வெயில் சுட்டெரிக்க, ஸ்டர்ஜிஸ் பெரிய தெருவில் வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திவிட்டு எலுமிச்சைச் சாறு வாங்கப் போனோம். திரும்பி வந்தால் வண்டி நாங்கள் விட்டதைவிடக் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. சூட்டில் தார் இளகி, ஸ்டாண்டின் கால் களிமண்ணில் குச்சி இறங்குவது போல இறங்கிக்கொண்டிருந்தது. கை கொடுப்பதற்குள் சாய்ந்தே விட்டது. முந்நூறு கிலோவுக்கு மேலான வண்டி. நான் தாங்கப் பார்த்தேன். முதுகில் 'சடக்' என்று ஒரு சத்தம். அதுதான் முதலில் சொன்ன முதுகுவலி. பக்கத்தில் நின்ற மூன்று பேர் ஓடிவந்து ஒரே தூக்கில் நிமிர்த்தினார்கள். அதில் ஒருவர், என்னைவிட மூத்தவர், காலியான பீர் டின் ஒன்றைச் செருப்பால் மிதித்துத் தட்டையாக்கி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தார். பிறகு சுற்றிப் பார்த்தால் எல்லா வண்டிக்கு அடியிலும் ஒரு தட்டை டின்னோ மரத்துண்டோ இருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை. உடைந்த பக்கக் கண்ணாடிக்கு வாடகைக் கடையில் பிடித்த தொகையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவார்.

அந்தப் பெரியவர் ஊரில் என்ன வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்டார். 200 சிசி ஹோண்டா என்றேன், சிரிக்கவில்லை. ஆனால் வண்டி வாங்குவதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு ஒரு சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், பல நேரம் அது வண்டியின் விலையையே தாண்டிவிடும் என்று சொன்னதும் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டர்ஜிஸிலிருந்து மலைப்பாதையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் டெட்வுட். 1876ல் தங்கம் தேடி வந்தவர்கள் ஓடைக்கரையில் கூடாரம் அடித்து உண்டாக்கிய ஊர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி வைல்டு பில் ஹிக்காக் என்ற பெயர்பெற்ற துப்பாக்கிக்காரர் ஒரு சாராயக்கடையில் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது ஜேக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். ஊரே அந்த ஒரு குண்டை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுகிறது. கோடையில் நாள்தோறும் அதை நடித்துக் காட்டுகிறார்கள். பில் சாய்கிறார், சீட்டு சிதறுகிறது, பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள், எங்கள் பேரன் "ஒன்ஸ் மோர்" என்கிறான். அந்தச் சாராயக்கடையின் பெயரில் இப்போதும் ஒரு கடை இருக்கிறது. ஆனால் அசல் கட்டடம் 1879ல் ஊரை எரித்த பெருந்தீயில் போய்விட்டது.

எனக்குப் பிடித்தது கொலை இல்லை, அதற்குப் பின் நடந்த வழக்கு. டெட்வுட்டில் சுரங்கக்காரர்களே கூடி விசாரித்து மெக்காலை விடுதலை செய்துவிட்டார்கள். பிறகு யாங்டன் என்ற ஊரில் அவனை மறுபடி பிடித்து விசாரித்து 1877 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை எப்படி விசாரிக்கலாம்? டெட்வுட்டில் நடந்தது நீதிமன்றமே அல்ல, அந்த ஊர் இருப்பதே சட்டப்படி இல்லை என்பது பதில். 1868ல் லாரமி கோட்டை உடன்படிக்கையில் அந்த மலைகள் சூ என்ற பழங்குடி மக்களுக்கு என்று அமெரிக்க அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. 1874ல் கஸ்டர் என்ற தளபதியின் படை அங்கே தங்கம் கண்டது. அவ்வளவுதான், எழுதிக் கொடுத்த காகிதம் காற்றில் போயிற்று. 1980ல் உச்ச நீதிமன்றம் அது முறையற்ற அபகரிப்பு என்று ஒப்புக்கொண்டு, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. சூ மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. வட்டியோடு நூறு கோடியைத் தாண்டியும் அந்தப் பணம் கணக்கிலேயே கிடக்கிறது. மலை விற்பனைக்கு இல்லை என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் சம்பந்தி வெகுநேரம் பேசவில்லை. "நம்மாளுங்களா இருந்தா வாங்கிட்டு ரெண்டு வீடு கட்டியிருப்பாங்க" என்றார் கடைசியில்.

ஸ்டர்ஜிஸுக்கு அருகே தனியாக எழுந்து நிற்கும் பேர் பியூட் என்ற மலை சூ மக்களுக்குப் புனிதத் தலம். ஒரு மாலை அங்கேயும் போனோம். பாதை ஓரத்து மரக்கிளைகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று துணித்துண்டுகளும் சிறு முடிச்சுகளும் கட்டியிருந்தன. எல்லாம் வேண்டுதல். தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசமரத்தில் தொட்டில் கட்டுகிற ஊர்க்காரர்களுக்கு அது தெரியாதா? என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டார். தூரத்தில் ஸ்டர்ஜிஸ் பக்கமிருந்து வண்டிகளின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மலைக்குப் பக்கத்தில் மதுக்கடையும் கச்சேரி மேடையும் வருவதை எதிர்த்து அந்த மக்கள் போராடியிருக்கிறார்கள். அந்த உறுமலில் நாங்கள் வந்த வண்டிக்கும் பங்கு உண்டு. திரும்பும்போது கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பிறகு கிளப்பலாம் என்று நினைத்தேன். முதுகு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் டெட்வுட்டின் மவுண்ட் மொரையா கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினோம். வைல்டு பில்லின் கல்லறைமுன் கூட்டம். பக்கத்திலேயே, அந்தக் காலத்தில் பேர்போன இன்னொருவர், 1903ல் இறந்த கலாமிட்டி ஜேன் என்ற பெண். அங்கேயும் கூட்டம். நான் படம் எடுத்துவிட்டு வேறு பக்கம் இறங்கினேன். ஒரு செங்கல் அடுப்பு கண்ணில் பட்டது. ஒரு நொடி எனக்கு எங்கே நிற்கிறேன் என்றே புரியவில்லை. சீனர்கள் ஏழாம் மாதத்தில் நம் புளோக்குகளுக்குக் கீழே காகிதப் பணம் எரிக்கிறார்களே, அதற்கான அடுப்பு! அமெரிக்காவின் நட்டநடுவில், பைன் மரங்களுக்கு நடுவில்.

தங்கம் தேடிய அந்தக் காலத்தில் டெட்வுட்டில் ஒரு சீனர் பகுதியே இருந்திருக்கிறது. சலவைக்கடை, சாப்பாட்டுக்கடை, மளிகை. இறந்தவர்களை அங்கே புதைத்து, பின்பு பெரும்பாலோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அந்தப் பக்கம் கல்லறைகள்கூட அதிகமில்லை. அடுப்பு மட்டும் நிற்கிறது. சுரங்கக்காரன் அழுக்குச் சட்டையை யார் துவைத்தது, அவனுக்கு யார் சோறு போட்டது என்று அந்த ஊரின் நாடக மேடையில் யாரும் நடித்துக் காட்டுவதில்லை. சுட்டவனுக்கு மேடை உண்டு, துவைத்தவனுக்கு இல்லை.

அந்த ஊரை நான் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. 1961லேயே தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட ஊர், பிறகு நொடித்துப் போயிற்று. 1989 நவம்பரில் சூதாட்டத்தைச் சட்டப்படி கொண்டுவந்து, அந்த வருமானத்தில் ஒரு பங்கைப் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். செங்கல் முகப்புகளும் தெருவும் கல்லறைத் தோட்டமும் இன்று பளிச்சென்று இருக்கின்றன. 2001 முதல் 2004 வரை சீனர் பகுதியில் மண்ணைத் தோண்டி ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். ஆனால் ஃபீ லீ வோங் என்ற சீன வணிகர் நடத்திய விங் சூ கடைக் கட்டடம், அந்தப் பகுதியில் மிச்சமிருந்த பழைய கட்டடம், 2005 கடைசியில் இடிக்கப்பட்டுவிட்டது. மரபைக் காக்கப் பணம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அது போனது. எங்களுக்கு வழிகாட்டிய இளைஞர் அந்த இடத்தைக் காட்டியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பக்கத்து ஊர் லீட். (சம்பந்தி ஈயம் என்ற பொருளில் 'லெட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காரீயமோ வெள்ளீயமோ, ஈப்போக்காரருக்கு ஈயம்தானே முதலில் ஞாபகம் வரும்.) ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் அங்கே 8,000 அடி ஆழம்வரை போய் 2002ல் மூடப்பட்டது. இப்போது நிலத்தடி அறிவியல் கூடம். பெரிய தெருவின் ஓரத்திலேயே மலையைக் குடைந்த பெரும் பள்ளம் வாய்பிளந்து கிடக்கிறது. சம்பந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றார். 1985ல் வெள்ளீய விலை விழுந்தபோது ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் ஊர் ஊராக ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்கிறார். "எங்க பக்கம் குளம் மட்டும்தான் மிச்சம், சம்பந்தி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கஸ்டர் பூங்காவில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்துக்கொண்டது. எங்கள் வண்டிக்கு நாலு முழம் தள்ளி ஒன்று நின்று மூச்சு விட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். தோள்பட்டையில் போன குளிர்காலத்து மயிர் பழைய கோணிச்சாக்குப் போலக் கிழிந்து தொங்கியது. சேற்று வாடை. அந்த வாடையில்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. "சம்பந்தி," என்றேன் மெதுவாக, "உங்க மருமக பொறந்தது எருமைத் தொழுவத்துலதான், தெரியுமா?" அவர் திடுக்கிட்டார். கேகே மருத்துவமனையைச் சொன்னேன். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். நான் பிறந்ததும் அங்கேதான். 1966ல் உலகத்திலேயே மிக அதிகமான பிரசவம் நடந்த மருத்துவமனை என்று சாதனைப் புத்தகத்தில் ஏறிய இடம். இந்த ஊரில் பாதிப்பேர் தொழுவத்தில் பிறந்தவர்கள், கேகே என்று சுருக்கிச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மையார் இப்போது கேட்ட கேள்வி எனக்கு அன்றே உறைத்துவிட்டது, அந்த எருமை முன்னால். தேக்காவின் சிராங்கூன் சாலையும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட எல்லை ஊர்தான். மாட்டு வியாபாரம், எருமைத் தொழுவம், ரேஸ் கோர்ஸ், இந்தியக் கைதிகள் செங்கல் சுட்ட சூளை, சுண்ணாம்புக் காளவாய். அந்த வட்டாரத்துக்கே சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர். வீரமாகாளியம்மன் கோவிலை என் பாட்டி சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றே சொல்வார். தாத்தா அங்கே மாடு வைத்திருந்த பால்காரர். அப்பா அந்தத் தொழிலின் வாலைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் பால் டின்னைக் கட்டிக் கொஞ்ச காலம் வீடு வீடாக ஊற்றினார். பஃபலோ ரோட்டில் நடக்கும்போதெல்லாம் ஒரு கடைவீட்டுத் தூணைக் காட்டி, "இங்கதான் உங்க தாத்தா மாட்டக் கட்டுவாரு" என்பார். அந்தத் தூணில் இப்போது கைத்தொலைபேசி அட்டை விளம்பரம் தொங்குகிறது.

டெட்வுட் சூதாட்டத்தைக் கொண்டுவந்த அதே 1989ல்தான், ஜூலை மாதம், நம் லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்பட வேண்டிய வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் நிற்கின்றன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கெர்பாவ் ரோட்டில் 1900ல் கட்டிய, இப்போது பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீடும் நிற்கிறது. 2015 முதல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது. விளக்கப் பலகைகளும் இல்லாமல் இல்லை. "இங்கே மாட்டு வியாபாரம் நடந்தது" என்று அவை சொல்கின்றன. யார் மாடு? எந்தத் தூண்? சாணியை அள்ளியது யார்? திரும்பி வந்த மறுவாரம் அந்த வண்ண வீட்டின் முன் அரை மணி நேரம் நின்றேன். படம் எடுத்தவர்களை எண்ணினேன், நாற்பத்தொன்று. பலகையைப் படித்தவர் ஒரு ஜெர்மன்காரர்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நான் எழுதவில்லை. பலகையில் போட அவர்களிடம் பெயர் இருக்காது. பெயர் இருப்பது நம் வீட்டுக் கிழவர்களிடம், அவர்களில் பாதிப்பேர் இப்போது முதியோர் இல்லத்தில். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு வாசகர், ஒரே ஒரு தெருமுனை, அங்கே என்ன வேலை நடந்தது, செய்தவர் பெயர் என்ன. இருநூறு வார்த்தை போதும். கவிதை வேண்டாம், முன்னுரை வேண்டாம். தேக்கா மட்டுமில்லை, செம்பவாங் கடற்படைத் தளம், தஞ்சோங் பகார் துறைமுகம், எதுவானாலும். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தமிழ் வீட்டுப்பாடமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வாரத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் இருக்கிறேன். அப்பா பால் ஊற்றிய பதினோரு வீட்டின் வரிசை எனக்கு மனப்பாடம், யார் வீட்டில் எத்தனை நாள் கடன் என்பது உட்பட. கடைசி மூன்று வீடு மட்டும் சந்தேகம். அதை என் அத்தையிடம் கேட்க வேண்டும். அவருக்கு 91 வயது, காது கேட்பது காலையில் மட்டும். இந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்

பின்குறிப்பு: அந்தத் தட்டை பீர் டின்னைக் கொண்டுவந்திருக்கிறேன். விமான நிலையச் சோதனையில் இரண்டு முறை பையைத் திறக்கவைத்தார்கள்.